எந்த மிக்கேல் என்று கேட்ட படிவம்

ஏளா,

நேற்றுக் காலையில் என் வாசலில் ஒருத்தர் வந்து நின்றார். முப்பது முப்பத்தைந்து வயசிருக்கும். கழுத்தில் ஆபீஸ் அட்டை, தோளில் கம்ப்யூட்டர் பை, கையில் நாலாய் மடித்த ஒரு காகிதம். நான் சாக்கை விரித்து நெத்திலி காயப்போட்டுக்கொண்டிருந்தேன்.

“மிக்கேலோட அம்மா வீடு இதுதானா?” என்று கேட்டார்.

“எந்த மிக்கேல்?” என்றேன், தலை நிமிராமல்.

நிமிர்ந்து பார்த்தேன். மனிதர் காகிதத்தைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார், மறுபடியும் காகிதத்தைப் பார்க்கிறார். “அப்போ நீங்கதான்” என்றார்.

கடலுக்குப் போகிற ஆட்களைப் பதிகிறதற்கு நீ மீனவர் சங்கத்துக்குச் செய்துகொடுத்தாயே, அந்தக் கம்ப்யூட்டர் படிவத்தைப் புதுசாக மாற்றி எழுதுகிறார்களாம். அந்த வேலை இவர் கையில். சிவப்பு எழுத்தில் அது கேட்கிற கேள்வியால் காலையில் கூட்டம் நிற்கிறது, அதை மட்டும் எடுத்துவிடுங்கள் என்று செயலாளர் சொல்லியிருக்கிறார். எடுக்கலாம் என்று உட்கார்ந்தவர் நீ எழுதியதைத் திறந்து பார்த்திருக்கிறார். அதற்குள்ளே ஒரு வரி இருந்திருக்கிறது. அந்த வரிதான் அவரை என் வாசல்வரை நடத்திக்கொண்டு வந்திருக்கிறது.

அந்த வரியைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். எழுதியவள் நீ, உனக்குத் தெரியும். ஆனால் எனக்கு எதையும் வரிசையாகச் சொன்னால்தான் வரும். அஞ்சாம் வகுப்போடு நின்றவள். என் எழுத்து கோணும், ஞாபகம் கோணாது. அது உனக்கே தெரியும்.

உன்னை நான் முதலில் பார்த்த அன்றைக்கு உனக்குக் குடிக்கத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. அதிலிருந்து தொடங்க முடியாது. அதற்கு முந்தின வாரத்திலிருந்து தொடங்கவேண்டும்.

எங்கள் ஊர்க் கோயில், தேவதூதர் மிக்கேல் சம்மனசு கோயில். திருநாளுக்கு முன்னும் பின்னும் பிறந்த ஆண் பிள்ளைக்கெல்லாம் மிக்கேல்தான் பேர். அதற்கு முந்தின தலைமுறையில் வீட்டுக்கு ஒரு சூசை. ஆகையால் சூசை மகன் மிக்கேல் என்று கடற்கரையில் நின்று கூப்பிட்டால் நாலு பேர் திரும்புவார்கள். எங்களுக்கு இதில் ஒரு குழப்பமும் கிடையாது. என் மகனைத் தெரியும், செலஸ்தீன் பெற்ற மகனைத் தெரியும். நடையைப் பார்த்தே சொல்லுவோம்.

படகு முதலாளி கஸ்பாரு கடலுக்குப் போகிறவன் இல்லை; அவன் படகில் அன்றைக்கு ஆறு பேர். என் மகன் மிக்கேலும் ஏறினான், செலஸ்தீன் மகன் மிக்கேலும் ஏறினான். ரெண்டு பேருக்கும் தகப்பன் பேர் சூசை, ரெண்டு பேருக்கும் வயசு முப்பத்தொன்று. தண்ணீர்க் கேனைத் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தவள் நான். கடைசியில் ஏறினவன் என் மகன். ஒரு செருப்பு கழன்று தண்ணீரில் விழுந்தது, குனிந்து எடுத்தான்.

சங்கத்தில் ஐஸ் உடைக்கிற மிஷினுக்குப் பக்கத்து அறையில் உன் படிவம் இருந்தது. பேர், தகப்பன் பேர், வயசு. எழுதி அழுத்தினால் சீட்டு வரும், சீட்டு இருந்தால்தான் படகு போகலாம். கஸ்பாரு அஞ்சு பேரை எழுதிவிட்டு ஆறாவதாக என் மகனை எழுதியிருக்கிறான். இந்த ஆள் ஏற்கெனவே பட்டியலில் இருக்கிறார், நீக்கவும் என்று படிவம் சிவப்பாகச் சொல்லியிருக்கிறது. மறுபடியும் எழுதியிருக்கிறான், மறுபடியும் அதே. பின்னால் ஏழெட்டுப் பேர் நிற்கிறார்கள், விடிவதற்குள் போகவேண்டும். ஆறாவது வரியை அழித்துவிட்டு அழுத்தியிருக்கிறான். சீட்டு வந்துவிட்டது. அஞ்சு பேருக்கான சீட்டு. படகில் ஆறு பேர்.

மறுநாள் மத்தியானம் காற்று கிளம்பி அந்தப் படகு கவிழ்ந்தது. மூன்று பேரை ஒரு படகு எடுத்தது. ரெண்டு பேரை வேறொரு படகு எடுத்தது. மிச்சம் ஒருத்தன் அந்தப் படகில் இருப்பான் என்று இவர்கள் நினைத்தார்கள், இந்தப் படகில் இருப்பான் என்று அவர்கள் நினைத்தார்கள். வயர்லெஸ்ஸில் செய்தி வந்தது, மூன்று, பிறகு ரெண்டு. செயலாளர் கம்ப்யூட்டரைப் பார்த்தார், அஞ்சு. “எல்லாரும் கெடச்சாச்சு” என்று வெளியே வந்து சொன்னார். தேடப்போன படகுகளைத் திரும்பச் சொல்லிவிட்டார்கள். கோயில் மணியை அடித்தார்கள். செலஸ்தீன் மண்ணில் மண்டிபோட்டு அழுதாள்.

நான் செயலாளரிடம் போனேன். “எம் மவன் வந்துட்டானா அண்ணாச்சி?”

“மிக்கேல் வந்துட்டான் ஆச்சி. ரெண்டாவது போட்ல இருக்கான்.”

“எந்த மிக்கேல்?”

அவர் கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினார். “இங்கன பாருங்க. ஒரே ஒரு மிக்கேல்தான் இருக்கான்.”

“ஆறு பேர் ஏறுனாவ. நான் பாத்தேன்.”

“கம்ப்யூட்டர் தப்புச் சொல்லாது ஆச்சி.”

அந்தச் சொல்லை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். அவரையும் மறக்கமாட்டேன். இன்றைக்கும் கோயிலில் அவர் உட்கார்கிற பக்கம் நான் உட்காருவதில்லை.

கஸ்பாரு ஐஸ் மிஷினுக்கு அருகில் குனிந்த தலையோடு நின்றான். சட்டையைப் பிடித்தேன். “ஏலே, நீ சொல்லு. எத்தன பேரு?” “ஆறு ஆச்சி” என்றான். “அது எழுத விடமாட்டேன்னுட்டுது.”

மறுபடியும் படகுகள் போயின. விடிந்த பிறகு ஐஸ் பெட்டி மூடியைக் கட்டிப்பிடித்தபடி என் மகனைக் கண்டுபிடித்தார்கள். உதடெல்லாம் வெடித்து, கண்ணைத் திறக்கமுடியாமல் கிடந்தான். ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள்தான் பேசினான். பேசினதும் சொன்னது ஒன்றுதான். படகு கவிழ்ந்த அன்றைக்குச் சாயங்காலம் தேடி வந்த படகுகளின் சத்தம் அவனுக்குக் கேட்டதாம். கிட்ட வந்ததாம். பிறகு திரும்பிப் போய்விட்டதாம்.

ஏளா, அந்தப் படகுகளைத் திருப்பினது உன் படிவம். அப்படித்தான் அன்றைக்கு நான் நினைத்தேன். இன்றைக்கும் பாதி அப்படித்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீ வந்தாய். முத்தையாபுரத்திலிருந்து பஸ் ஏறி, அங்கேயிருந்து இன்னொரு பஸ் மாறி, குடையைப் பிடித்துக்கொண்டு. ஏதோ பெரிய ஆபீசர் இதைச் செய்திருப்பார், அவரை என்ன கேட்கலாம் என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்துவைத்திருந்தேன். வந்து நின்றது கண்ணாடி போட்ட, ஒல்லியான ஒரு பொம்பளை. கப்பல் ஏஜெண்டு ஆபீசில் ஆறு நாள் கம்ப்யூட்டர் எழுதுகிறவள், ஏழாவது நாளில் சங்கத்துக்காகச் சும்மா எழுதிக்கொடுத்தவள். கையில் உன் ஊர் விளாத்திகுளத்துச் சேவு ஒரு பொட்டலம். “அக்கா, அந்தப் படிவத்தை எழுதினது நான்தான்” என்றாய். ஊரே என்னை ஆச்சி என்கும். அக்கா என்றவள் நீ ஒருத்திதான்.

கதவைச் சாத்தினேன்.

அடுத்த ஞாயிறும் வந்தாய், அதற்கடுத்த ஞாயிறும் வந்தாய். கதவைத் தட்டவில்லை. சங்கத்து அறையில் உட்கார்ந்து, வருகிற ஆட்களிடமெல்லாம் என்னத்தையோ கேட்டுக்கொண்டிருந்தாய். நான் வேவு பார்க்க ஆள் அனுப்பினேன், அதை ஒளிக்கவில்லை. என் மருமகள் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள்: “அந்த அக்கா எல்லார் பட்டப்பேரையும் எழுதிட்டிருக்காவ அத்தே. பட்டப்பேரைப் போட்டா ஆள் மாறாதாம்.”

அதைக் கேட்டதும் எனக்கு வந்த கோபத்தில் செருப்புகூடப் போடாமல் வந்தேன். ஞாபகம் இருக்கிறதா?

“எவளுக்குளா கொழுப்பு? எம் மவனுக்குப் பள்ளிக்கூடத்துல ஒருத்தன் வச்ச பேரை நீ கம்ப்யூட்டர்ல ஏத்தப் போறியோ?” என்றேன். அந்தப் பேரை இங்கேயும் எழுதமாட்டேன். வைத்தவன் இப்போது ரெண்டு பிள்ளைக்குத் தகப்பனாகிவிட்டான், இன்னும் அவன் வீட்டுக் கலியாணத்துக்கு நான் போவதில்லை.

நீ எழுந்து நின்றாய். “அப்போ எதை வச்சுக்கா ஆளைப் பிரிக்க?” என்று கேட்டாய். சண்டைக்கு வந்தவளிடம் சந்தேகம் கேட்கிறாய். அப்படி என்னிடம் யாரும் கேட்டதில்லை.

“பெத்தவ பேரைக் கேளு. தகப்பன் பேரு ஊருல பொதுவாக் கெடக்கு. அம்மை பேரைக் கேக்க ஒனக்கு ஏன் தோணல?”

நீ பட்டப்பேர்ப் பட்டியலை மூடிவைத்தாய். பிறகு மெதுவாகச் சொன்னாய்: “நான் செய்த எந்தப் படிவத்துலயும் அம்மா பேரு இல்லைக்கா. கேக்கணும்னு யாரும் சொல்லல. எனக்கும் தோணல.”

அன்றைக்குத்தான் உட்கார்ந்தேன். ஊரிலிருந்த பதினொரு மிக்கேலையும் அம்மை பேரோடு சொன்னேன். நீ எழுதினாய். இடையில் எழுதுகிறதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். பத்தாவதும் பதினொன்றாவதும் வந்தபோது நானே நின்றுவிட்டேன். ரெண்டு பேருக்கும் தகப்பன் சூசை, ரெண்டு பேருக்கும் அம்மை மரியம்மாள். “இப்போ என்ன செய்வ?” என்று நீ கேட்டாய். “ஒருத்தி கீழவைப்பார்க்காரி, ஒருத்தி உள்ளூர்க்காரி” என்றேன். அம்மை பிறந்த ஊருக்கும் ஒரு பெட்டி போட்டுக்கொண்டாய்.

அதற்கப்புறம் எத்தனை ஞாயிறு. நீ என்ன செய்கிறாய் என்று நான் கேட்காமல் நீயே சொல்லுவாய். ஜாவா என்கிறது அந்த எழுத்தின் பேர். சரிபார்க்கிறதற்கு அதில் ஆயத்தமாகச் சில காவல்காரிகள் உண்டு என்றாய். ஒருத்தி பெட்டி காலியா என்று மட்டும் பார்ப்பாள். ஒருத்தி நீளத்தைப் பார்ப்பாள். இன்னொருத்தி போன் நம்பரில் எழுத்து கலந்திருக்கிறதா என்று பார்ப்பாள். “நம்ம கேள்வி இவங்க யாருக்கும் தெரியாதுக்கா. நமக்குன்னு ஒருத்தியை நாமே செய்யணும்” என்றாய்.

அவளை எங்கே நிறுத்துவது என்பதில்தான் முதலில் தடுமாறினாய். பேர் எழுதுகிற பெட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தினாய். அவளுக்கு அந்தப் பெட்டி மட்டும்தான் தெரிந்தது. பக்கத்து வரியில் இன்னொரு மிக்கேல் இருப்பது தெரியவில்லை. நீ கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னாய்: “பெட்டிக்குள்ள நின்னு பார்த்தா முடியாதுக்கா. படகு மேல ஏறி நின்னு எல்லாரையும் ஒண்ணாப் பார்க்கணும்.” படகு முழுசுக்கும் காவலாக அவளை மாற்றி வைத்தாய். நான் கரையில் தண்ணீர்க் கேனோடு நின்று பார்த்தது அப்படித்தானே. ஒருத்தனைப் பார்க்கவில்லை, ஆறு பேரையும் சேர்த்துப் பார்த்தேன். நான் நின்ற நிலையை நீ ஒரு மிஷினுக்குள்ளே நிறுத்தினாய். அதை நினைத்தால் இன்றைக்கும் கையில் முடி சிலிர்க்கிறது.

எழுதினதைக் காகிதத்தில் அடித்துக் காட்டினாய். ஈமெயிலில் வருமாமே, சுருண்ட சங்கு மாதிரி ஒரு குறி, அதற்குப் பின்னால் நாம் வைத்த பேர். அவளுடைய வேலையெல்லாம் ‘இஸ் வேலிட்’ என்ற ஓர் இடத்தில் நடக்கிறது. அங்கே போனால் ரெண்டு பதில்தான். ட்ரூ, ஃபால்ஸ். “சுமாராச் சரிங்கிறது கெடையாதா?” என்று கேட்டேன். “கெடையாதுக்கா” என்றாய். எனக்குப் பிடித்துப்போனது. நானும் அப்படித்தான்.

எல்லாம் எழுதி முடித்த ஞாயிறு, ரெண்டு மிக்கேலையும் போட்டு அழுத்தினாய். ஒரு கேள்வியும் கேட்காமல் சீட்டு வந்து விழுந்தது. மறுபடியும் அழுத்தினாய், மறுபடியும் சீட்டு. பகல் முழுக்கத் தேடினாய். கொண்டுவந்த சோற்றைத் திறக்கவில்லை. நாலு மணிக்கு நெற்றியில் அடித்துக்கொண்டாய். காவல்காரி தயார், கேள்வி தயார். ஆனால் படிவம் உள்ளே வருகிற வாசலில் ‘சரிபார்’ என்கிற ஒரேயொரு சொல்லைப் போட மறந்திருக்கிறாய். அவளை யாரும் கூப்பிடவே இல்லை. கூப்பிடாமல் அவள் எழுந்திருக்கமாட்டாளாம். ஒரு சொல்லைப் போட்டாய், உடனே எழுந்துகொண்டாள். அன்றைக்குத்தான் உனக்கு என் வீட்டில் முதல் சோறு. விளமீன் குழம்பு. முள்ளெடுக்கத் தெரியாமல் தவித்தாய், கரிசல்காட்டுக்காரி. நான்தான் எடுத்துவைத்தேன்.

எழுந்துகொண்டவள் முதலில் என்ன பேசினாள் தெரியுமா? ‘தவறான உள்ளீடு.’ சிவப்பாக.

“இது யாரைத் தவறுங்குது?” என்று கேட்டேன்.

“பொதுவா இப்படித்தான் போடுவோம்க்கா.”

“சூசைக்கு மவனாப் பொறந்தது தவறா? மிக்கேல்னு ஞானஸ்நானம் குடுத்தது தவறா? அன்னைக்கும் இப்படித்தான கஸ்பாருவ மெரட்டுச்சு. அவன் பயந்து அழிச்சான். மெரட்டாத. கேளு.”

“என்னன்னு கேக்க?”

“நான் செயலாளர்ட்ட என்ன கேட்டனோ, அதை.”

நீ பழையதை அழித்தாய். பிறகு தட்டினாய். ‘இந்தப் படகில் சூசை மகன் மிக்கேல் இரண்டு பேர் இருக்கிறார்கள். எந்த மிக்கேல்? அம்மை பெயரை எழுதுங்கள்.’

என் வாயிலிருந்து வந்த சொல், ஏளா. அன்றைக்கு மணல்மேல் நின்று நான் கேட்டபோது யாரும் காதில் வாங்காத சொல். அது வெளிச்சமாய் அந்தக் கம்ப்யூட்டர் கண்ணாடிமேல் எழும்பி நின்றது. எனக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கவேண்டிய தேவை இருக்கவில்லை.

பிறகு என்னை ஏமாற்றச் சொன்னாய். “அக்கா, இது இப்போ என் பேச்சைக் கேக்கும். உங்ககிட்ட தோக்கணும். எப்படியாவது ஏமாத்திப் பாருங்க.” கஸ்பாரு மாதிரி, அவசரத்தில் நிற்கிற எல்லா முதலாளி மாதிரியும் நான் ஆனேன். அம்மை பேருக்கு ஒரு புள்ளி வைத்தேன், வாங்கிக்கொண்டது. நீ திருத்தினாய். ‘அ’ என்று ஒரு எழுத்துப் போட்டேன், வாங்கிக்கொண்டது. திருத்தினாய். அடியில் நீளமாய் ஒரு கட்டை இருக்குமே, அதை நாலு தரம் தட்டிவிட்டு அழுத்தினேன். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. சீட்டு வந்துவிட்டது.

நீ விழுந்து விழுந்து சிரித்தாய். “காலியா இருக்கக் கூடாதுன்னு சொல்லிவச்சேன். காத்து இருக்கக் கூடாதுன்னு சொல்லலையே.” வெறும் காற்றை ஒருத்தனுக்கு அம்மை பேர் என்று வாங்கிக்கொண்டது அந்த மிஷின். எவ்வளவு கெட்டிக்காரத்தனம், எவ்வளவு குழந்தைத்தனம். நீ அப்போது சொன்னது எனக்கு அப்படியே இருக்கிறது: “அதுக்குத் தானாச் சந்தேகம் வராதுக்கா. சந்தேகப்பட நாமதான் சொல்லிக்குடுக்கணும்.” உன் போனில் என் நம்பரை ‘டெஸ்டர் அக்கா’ என்று ஏற்றிக்கொண்டாய். டெஸ்டர் என்றால் கரண்டு பார்க்கிற கம்பி என்று நினைத்து, எதற்கு இந்தப் பேர் என்று ரெண்டு நாள் வருத்தத்தில் இருந்தேன்.

முதல் நாள் அது கேட்டபோது நானும் அங்கே இருந்தேன். யார் மாட்டினது தெரியுமா, கஸ்பாருதான். அதே ரெண்டு மிக்கேல். சிவப்பில் கேள்வி வந்தது. கஸ்பாரு தலையைச் சொறிந்தான். நாலு வருசமாகப் படகில் வருகிறவர்களின் அம்மை பேர் அவனுக்குத் தெரியவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தான்.

“என்ன ஆச்சி, இது ஒங்கள மாதிரியே கேக்கு?”

“எழுதுலே.”

“ஒங்க பேரு என்னன்னு...”

“முப்பது வருசமா எங்கிட்ட கருவாடு வாங்குத. எம் பேரு தெரியாது?”

சன்னல் வழியாகத் தலையை நீட்டிப் படகில் இருந்தவர்களைப் பார்த்துக் கத்தினான்: “ஏலே, எல்லாரும் ஒங்க அம்மை பேரைச் சொல்லுங்கலே. கம்ப்யூட்டர் கேக்கு.” அந்தத் தடித்தடி ஆம்பிளைகளுக்கு வந்த வெட்கத்தை நீ பார்த்திருக்கவேண்டும். ஒருத்தன் தன் காலைப் பார்த்துக்கொண்டு சொன்னான். ஒருத்தன் அம்மை இறந்து பதினைந்து வருசம், அந்தப் பேரை வாய்விட்டுச் சொல்லி எத்தனை காலமோ, ரெண்டாவது தரம்தான் கேட்கும்படி சொன்னான். எங்கள் கரையில் பொம்பளைகள் படகில் ஏறுவதில்லை. என் அம்மை ஏறினதில்லை, நானும் ஏறினதில்லை. ஆனால் அன்றையிலிருந்து எங்கள் பேரெல்லாம் தினமும் கடலுக்குப் போகிறது. ஒவ்வொருத்தனுக்குப் பக்கத்திலும் அவனைப் பெற்றவள் உட்கார்ந்திருக்கிறாள். படகு கவிழ்ந்து எட்டு மாசம் கழித்து அன்றைக்குத்தான் என் மகன் மறுபடியும் கடலுக்குக் கிளம்பினான், நான் மறிக்காததற்குக் காரணம் அதுதான்.

கோயிலில் சம்மனசு சொரூபத்துக்கு முன்னால் நின்று வியந்திருக்கிறேன். சுனாமியன்று கடல் பின்வாங்கினபோது வியந்திருக்கிறேன். அவையெல்லாம் என் கைக்கு எட்டாதவை. இது நான் கேட்ட கேள்வி, நீ எழுதின எழுத்து. அதற்குத் தூக்கமில்லை. முதலாளிக்குப் பயமில்லை. கஸ்பாரு ஒரு நாள் வீட்டிலிருந்து போன் வழியாகப் பதிந்து தப்பிக்கப் பார்த்தான், அங்கேயும் போய்க் கேட்டிருக்கிறது. “நான் போன்லயாக்கா வச்சிருக்கேன்? உள்ளே, கடைசி வாசல்ல வச்சிருக்கேன். எந்தப் பக்கம் வந்தாலும் அவகிட்ட வந்துதான் ஆகணும்” என்றாய். சொல்லும்போது உன் முகத்தில் ஒரு பெருமை. அதை எடுத்துக்கொள்ள உனக்கு முழு உரிமை இருந்தது.

போன தபசுக்காலத்தில், ஈஸ்டருக்கு முன்னால், நீ ரெண்டு ஞாயிறு வரவில்லை. ஆபீஸ் வேலையாக இருக்கும் என்றிருந்தேன். மூன்றாம் ஞாயிறு நானே பஸ் ஏறி முத்தையாபுரம் போனேன். வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டுக்காரிதான் சொன்னாள், நெஞ்சுவலி, ஆஸ்பத்திரி போகிற வழியிலேயே முடிந்துவிட்டது, ஊருக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்று. பதினாறும் கழிந்திருந்தது. உன் வீட்டுக்காரர் போனில் இருந்த எல்லாருக்கும் சொல்லியிருக்கிறார். ‘டெஸ்டர் அக்கா’ யாரோ ஆபீஸ்காரி என்று விட்டுவிட்டாராம். நல்ல மனுசர்தான். ஆனாலும் அதை நான் மறக்கவில்லை, மறக்கப்போவதும் இல்லை. அடுத்த உலகத்தில் உன்னைப் பார்த்தாலும் அதைத்தான் முதலில் சொல்லுவேன்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அந்தப் படகுகள் திரும்பிப் போனதற்கு உன்னை மன்னித்தேன் என்று நான் ஒரு நாளும் வாய்திறந்து சொல்லவில்லை. நீயும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்தாய், அவ்வளவுதான்.

நேற்று வந்தவரிடம் வருகிறேன். உட்காரச் சொன்னேன். தண்ணீர் கொடுத்தேன், முதலிலேயே கொடுத்துவிட்டேன். அவர் காகிதத்தை விரித்தார். சங்குக் குறி தெரிந்தது, இஸ் வேலிட் தெரிந்தது. அதற்கெல்லாம் மேலே தமிழில் ஒரு வரி.

“இந்த வரியை மிஷின் படிக்காது ஆச்சி” என்றார் அவர். “பின்னால வர்ற ஆளுங்களுக்காக எழுதிவைக்கிறது. சாதாரணமா யாரும் இப்படியெல்லாம் எழுதமாட்டாங்க.”

“வாசிங்க.”

அவர் வாசித்தார்: ‘இதை எடுத்துவிட நினைத்தால், முதலில் நேரில் போய் மிக்கேலின் அம்மையைக் கேளுங்கள். எந்த மிக்கேல் என்று அவர்களே கேட்பார்கள்.’

நெத்திலிமேல் காக்கா வந்து உட்கார்ந்தது, விரட்டத் தோன்றவில்லை. எல்லா வாசலிலும் ஆள் நிறுத்தினவள், தான் இல்லாத நாளில் வருகிற ஆளுக்காகவும் ஒருத்தியை நிறுத்திவைத்திருக்கிறாய். அது நான். என்னைக் கேட்காமலே நிறுத்தியிருக்கிறாய்.

நான் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தண்ணீர்க் கேனிலிருந்து ஐஸ் பெட்டி மூடிவரை. திரும்பிப் போன படகுகளின் சத்தத்தைச் சொன்னபோது குறித்துக்கொண்டிருந்தவர் பேனாவைக் கீழே வைத்தார். கடைசியில், “எடுக்கமாட்டேன் ஆச்சி. செயலாளர்ட்ட நான் பேசிக்கிடுதேன்” என்றார்.

“அவருட்ட பேச வேண்டாம். அவரை எங்கிட்ட அனுப்புங்க” என்றேன். பிறகு கேட்டேன்: “இதை எழுதுனது யாருன்னு போட்டிருக்கா?”

புரட்டிப் பார்த்தார். “பேரு இல்ல ஆச்சி. அவங்க போடல.”

ஊரில் இருக்கிற எல்லா ஆம்பிளைக்கும் அம்மை பேரைக் கேட்டு எழுதினாய். உன் பேரை ஓர் இடத்தில்கூட எழுதவில்லை. விளமீன் முள்ளெடுத்துக் கொடுத்த அன்றைக்கு நான் உன் அம்மை பேரைக் கேட்டேன், நீ சொன்னாய். நான் எதையும் மறக்கிறவள் இல்லை.

அந்த வரிக்குக் கீழே எழுதச் சொன்னேன். அவர் பேனாவை எடுத்தார். உன் பேரைச் சொன்னேன். உன் அம்மை பேரைச் சொன்னேன். அவர் எழுதிவிட்டுப் பேனாவை மூடப்போனார்.

“ஊரையும் எழுதுங்க” என்றேன். “விளாத்திகுளத்துல அதே பேருல எத்தன பேரு இருக்காவளோ.”